எட்டுக்கு அடுத்தது

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடி 18. சிவகாசி அச்சகங்களுக்கு அடுத்த வருஷம் இன்றைக்கே பிறந்துவிடும். காலையில் பூஜை போட்டு 2026 காலண்டர் ஆல்பத்தைப் பிரித்து வைத்தோம். மதியம் வரை உள்ளூர் ஆட்கள். நாலே முக்காலுக்கு, சரியாக ராகு காலத்தில், தென்காசியிலிருந்து ஒரு பெயிண்ட் கடைக்காரர் வந்தார்.

வந்தாராம். அவனுக்கு என்ன மரியாதை? வந்தான்.

இருபது வருஷம் ஆயிற்று. முன்மண்டையில் முடி குறைந்திருக்கிறது. இடது புருவத்து வெட்டு அப்படியே இருக்கிறது. அவனுக்கு என்னைத் தெரியவில்லை. முருகன் அட்டை, 450 டெய்லி காலண்டர், அடியில் கடைப் பெயர். போன் நம்பரை எல்லோரையும் போல இங்கிலீஷில், "நைன் ஃபோர்" என்று ஆரம்பித்துச் சொன்னான். எழுதிக்கொண்டேன்.

அந்த நைனை நான் தமிழில் வாயால் சொல்லிப் பல காலம். 2005 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் "ஒம்போதாப்புல ஒரு ஒம்போதுடா" என்று தொடங்கி வைத்தவன் இவன்தான். என் நடை அப்படி, குரல் அப்படி. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது அது வந்தால் வகுப்பே என் பக்கம் திரும்பும். கணக்கு வாத்தியாரும் மீசைக்குள் சிரிப்பார்.

வேலை பார்க்க வந்த இடமோ தேதி சரிபார்க்கிற இடம். எதிரில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு "எட்டுக்கு அடுத்தது" என்பேன், இல்லாவிட்டால் நைன். பழகிவிட்டது. 2026இல் அந்த எண்ணில் முடிகிற தேதிகள் 35. பிப்ரவரிக்கு 29 இல்லாததால் ஒன்று குறைவு.

ஆகஸ்ட் 14, வியாழன்

அவனுடைய புரூஃபை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தேன். எங்கள் ஊரில் பழிவாங்குவது இப்படித்தான். "பிளேட் போடல சார்", "டிசைனர் லீவு சார்." டிசைனரே நான்தான்.

நேற்று ராத்திரி வாட்ஸப்பில் வந்தது: "நீங்க ... ஸ்கூல்ல படிச்சவர்தானே? அன்னிக்கே சந்தேகமா இருந்துச்சு. கேக்கப் பயமா இருந்துச்சு."

பயமாம். அவனுக்கு.

அரை மணி நேரம் கழித்து "ஆமா" என்று மட்டும் அனுப்பினேன். காலையில் முதல் வேலையாக புரூஃபையும் அனுப்பிவிட்டேன். ஏனென்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

செங்கோட்டை ரயில் பிடித்துத் தென்காசி போனேன். சங்கரன்கோவில் தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. சிவகாசியின் கந்தக வெயிலில் கிடப்பவனுக்கு அந்தக் காற்றே பாதி மன்னிப்பு மாதிரி இருக்கும், அதனால் உஷாராக இருந்தேன்.

ஐந்தருவியில் கூட்டம். குளிக்கவில்லை, சாரலில் நின்றோம். பிரானூர் பார்டருக்குக் கூட்டிப் போய் புரோட்டாவும் மிளகுக் கோழியும் வாங்கிக் கொடுத்தான். இலையில் சால்னாவை ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"உன் சைக்கிள்ல காத்த நான்தான்டா பிடுங்கி விட்டேன். டெய்லியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருவேல முள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போவேன். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிப் பார்த்து, "ஒண்ணும் இல்லையேப்பா" என்பார். அம்மா அவரைத்தான் ஏமாற்றுக்காரன் என்று திட்டினாள். பாவம் அந்த மனுஷன்.

பிறகு நான் ஆண்டு விழாவைக் கேட்டேன். மேடையில் என்னைப் போல நடந்து காட்டினாயே, சேலை முந்தானை மாதிரி துண்டைப் போட்டுக்கொண்டு, அது?

"நானா?" என்றான். யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "ஞாபகமே இல்லடா."

அந்த ஒரு ராத்திரியை நான் எத்தனையோ வருஷம் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். என்னைத்தான் காட்டுகிறான் என்று தெரிந்து சிரித்தாரா, தெரியாமல் சிரித்தாரா என்று கேட்க இனி அப்பாவும் இல்லை. அவனுக்கு அது ஞாபகமே இல்லை.

புரோட்டா மட்டும் நன்றாக இருந்தது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நேற்று ஸ்டேஷனில் அவன் சொன்னதை நேற்றே எழுத முடியவில்லை.

"ரெண்டு பொண்ணு பாத்தாங்க. ரெண்டையும் நான்தான் தட்டிவிட்டேன். எனக்கும் அப்படித்தான்டா. உன்னைப் பாத்தாப் பயமா இருக்கும் அப்ப. நான் உள்ள மறைச்சு வச்சத நீ வெளிய வச்சிட்டு நடந்த."

இருக்கலாம். பொய் சொல்கிற முகமில்லை. ஆனால் நானும்தான் பயந்தேன், யார் சைக்கிளிலும் காற்றைப் பிடுங்கவில்லை. பதில் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது.

செப்டம்பர் 6, சனி

2018இல் இதே தேதியில்தான், ஒரே பாலார் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவிலிருந்து எங்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அன்றைக்கு நான் 2019 காலண்டரின் முகூர்த்த நாள் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடை டிவியில் பார்த்தேன், டீயைக் குடித்தேன், திரும்பி வந்து வளர்பிறை தேய்பிறை பார்த்தேன். சொல்ல ஆளில்லை.

2023 அக்டோபர் 17இல் அதே நீதிமன்றம் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது என்றது. வருஷா வருஷம் ஊர் உலகத்துக்கெல்லாம் சுபமுகூர்த்தம் பார்த்துக் கொடுக்கிறவனுக்கு அதில் ஒரு நாளும் ஆகாது. இந்த மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் என்று ஆவதற்குக் கல்யாணம் ஒன்றுதான் வழியில்லை என்று சொல்லியிருக்கிறது. அந்தச் செய்தியை அவனுக்கு அனுப்பினேன். "படிச்சேன். ரெண்டு தடவ" என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயித்துக்கிழமை வரியா?"

அக்டோபர் 5, ஞாயிறு

கடைக்கு மேல் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை. கீழே கலர் கலக்கும் மிஷின். வெள்ளை பேஸில் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினால் கேட்ட நிறம் வரும். நான் நாலு மை வைத்து உலகத்தையே அச்சடிக்கிறேன் என்று பெருமை பேசினேன். "உங்க பச்சை எங்க பச்சை கிட்ட வராது" என்றான். ஒரு மணி நேரம் இதற்கே சண்டை. இப்படிச் சும்மா சண்டை போட எனக்கு ஒரு ஆள் இருந்ததே இல்லை.

கையைப் பிடித்தான். விரல் இடுக்கில் மஞ்சள் பெயிண்ட் காய்ந்திருந்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை. முத்தம் கொடுத்தது நான்தான். அதை அவன் கணக்கில் எழுத முடியாது.

திரும்பி வரும்போது ராஜபாளையம் வரை சிரித்த முகமாக இருந்திருக்கிறேன் போல, எதிர் சீட்டு ஆச்சி "என்னய்யா, வேலை கெடச்சிருச்சா?" என்று கேட்டார்.

அக்டோபர் 8, புதன்

போனில் வாய்தவறி, பழைய பையன்களில் யாரையோ பற்றிச் சொல்லும்போது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டான். என்னைச் சொல்லவில்லை. இருந்தாலும் வயிற்றில் அதே இடத்தில் விழுந்தது. வைத்துவிட்டேன். பதினோரு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

இருபது வருஷக் கடனை வைத்துக்கொண்டு இவனை ஆட்டிவைப்பதில் எனக்கு ஒரு சுகமும் இருக்கிறது. நேர்மையாக எழுதுவதென்றால் இதையும் எழுதத்தான் வேண்டும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊரெல்லாம் புகை. எடுத்துப் பேசினேன்.

நவம்பர் 29, சனி

காலண்டர் கட்டி முடிந்தது. அவனே வந்தான். முருகன் அட்டையில் பச்சை எப்படி வந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பரவால்ல" என்றான். அது தோல்வியை ஒப்புக்கொள்வது.

லாரி ஆபீசுக்கு இரண்டு பேரும் போனோம். புக்கிங்கில் இருப்பவர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். தலை நிமிராமல், "எத்தனை பண்டலுப்பா?" என்றார்.

450 காலண்டர், பண்டலுக்கு 50.

அவன் வாயைத் திறந்தான். மூடினான். என்னைப் பார்த்தான். "எட்டும்... ஒண்ணும்ண்ணே" என்றான்.

"என்னது?"

"எட்டு பண்டல். அப்புறம் ஒரு பண்டல்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். காது வரை சிவந்துபோய் நிற்கிறான், 34 வயசு ஆள், ஒரு கடைக்கு முதலாளி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை.

"ஒம்போதுண்ணே" என்றேன், அவர் காதில் விழுகிற மாதிரி. "ஒம்போது பண்டல்."

எழுதினார். "பெய்டா, டு-பேயா?"

அவன் பர்ஸை எடுத்தான். நான் கையைத் தட்டிவிட்டேன்.

"டு-பே போடுங்கண்ணே. தென்காசி போய்ச் சேந்ததும் அவரே கட்டுவாரு."