நூறு பேருக்கு ஒரு கரை

அண்டார்க்டிகாவில் எந்த இடத்திலும் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றி வரும் கப்பல் ஒருவரைக்கூடக் கரையிறக்கக் கூடாது. அங்கே போக நினைப்பவர்கள் அறையின் அகலத்தையும் உணவு வகைகளையும் விசாரிப்பதற்கு முன் இந்த இரண்டு எண்களைப் பார்த்தால், எந்தக் கப்பலில் ஏறுவது என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும். 200 பேர் உள்ள கப்பலில் பாதிப் பேர் கரையில் இருக்கும்போது மறுபாதி தங்கள் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். நாங்கள் ஏறிய கப்பலில் பயணிகள் நூற்றுக்கும் குறைவு என்பதால், படகுகள் இறங்கிய போதெல்லாம் எல்லோரும் ஒன்றாகவே கரையேறினோம்.

இந்த வகைப் பயணத்துக்கு வழி போட்டவர் சுவீடனில் பிறந்த லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட். 1966-இல் அண்டார்க்டிகாவுக்குப் பயணிகளை அழைத்துச் சென்ற அவர், 1969-இல் இதற்கென்றே கட்டப்பட்ட சிறு கப்பல் ஒன்றையும் கொண்டுவந்தார். 2007 நவம்பரில் தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே பனிக்கட்டியில் அடிபட்டு மூழ்கியது அதே கப்பல்தான். அதில் இருந்த அனைவரையும் வேறொரு பயணக் கப்பல் வந்து மீட்டது. இந்த வரலாற்றை கப்பலின் விரிவுரையாளர் எங்களுக்குச் சொன்னது தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடைப்பட்ட டிரேக் நீரிணையின் நட்டநடுவில், கப்பல் இருபுறமும் சாய்ந்துகொண்டிருந்த பிற்பகலில். நல்ல நேரம் பார்த்துச் சொன்னார் என்று எனக்குப் பின்னால் ஒருவர் முணுமுணுத்தார்.

அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்து அண்டார்க்டிகா தீபகற்பம் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். பீகிள் கால்வாயை விட்டு வெளியேறிய பின் இரண்டு நாள் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. வாந்தி மாத்திரையை அலை தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அந்த இரண்டு நாளைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

கடக்கும்போதே ஒரு வேலை நடக்கிறது. வெளியுடை, பை, கைத்தடி எல்லாவற்றையும் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பைகளின் மூலைகளிலும் சட்டைப் பைகளின் தையலிலும் தூசு உறிஞ்சியை வைத்து உறிஞ்சுகிறார்கள். ஒட்டுப்பட்டையின் (வெல்க்ரோ) முட்களுக்குள் சிக்கிய விதைகளைச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். என் மழைக்கோட்டின் மணிக்கட்டுப் பட்டையிலிருந்து அரிசி மணியில் பாதி அளவுள்ள ஒரு புல் விதை வந்தது. எந்த ஊர்ப் புல்லோ தெரியவில்லை. இது வீண் கெடுபிடி அன்று. மனிதர்களோடு வந்த ஒரு சாதாரணப் புல்வகை தெற்கு ஷெட்லாந்தின் கிங் ஜார்ஜ் தீவில் ஏற்கனவே வேர்பிடித்திருக்கிறது. காலணிகளைக் கிருமிநாசினியில் கழுவுவது கரைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் தவறாமல் நடக்கும். 2024 பிப்ரவரியில் தீபகற்பத்திலேயே பறவைக் காய்ச்சல் உறுதிப்பட்டது; அந்த நோய் பரவும் அச்சத்தால் கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைத் தரையில் வைக்கவோ அனுமதியில்லை. புகைப்படக்காரர்களுக்கு இது பெரிய குறை. ஆனால் அவர்கள் உட்பட யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

கரையேற்றம் ஸோடியாக் எனப்படும் ரப்பர் படகுகளில். வழிகாட்டிகள் முன்னால் போய், பனியைச் சோதித்து, சிவப்புக் கொடிகள் நட்டுப் பாதை போட்ட பிறகே எங்களை விடுவார்கள். இருபது பயணிக்கு ஒரு வழிகாட்டியாவது இருந்தாக வேண்டும். பெங்குயினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அது நம்மை நோக்கி வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். பனியில் முழங்கால் வரை கால் புதைந்தால், அந்தக் குழியை மூடிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கலாம், ஏனெனில் அதில் விழும் பெங்குயினால் ஏறி வர இயலாது.

குவர்வில் தீவில் ஜென்டூ பெங்குயின்கள் கூழாங்கற்களைக் குவித்துக் கூடு கட்டியிருந்தன. ஒன்று கடற்கரைக்கு நடந்து போய், கல் தேடி, அலகில் கவ்விக்கொண்டு மேடேறி வந்து இணையின் முன் வைத்தது. அது அடுத்த கல்லுக்குத் திரும்பியவுடன், பக்கத்துக் கூட்டுக்காரன் கழுத்தை நீட்டி அந்தக் கல்லை எடுத்துக்கொண்டான். இந்தத் திருட்டு பலமுறை நடந்தது. அவசரப்படுத்த ஆளில்லாததால்தான் அதை முழுமையாகப் பார்க்க முடிந்தது. சிறு கப்பலுக்குக் கொடுத்த கூடுதல் பணம் எனக்கு அங்கேயே ஈடாகிவிட்டது.

நேகோ துறையில் கூழாங்கல் கரையை அடைந்த உடனே மேட்டுக்குப் போகச் சொல்லி விரட்டினார்கள். எதிரே நிற்கும் பனியாற்றிலிருந்து பெரிய துண்டு உடைந்து விழுந்தால், அதன் அலை சில நிமிடங்களில் கரையைக் கழுவிச் செல்லும். நாங்கள் இருந்தபோது ஒரு சிறு பகுதி மட்டும் சரிந்தது. ஓசை வந்து சேர்வதற்குள் விழுந்து முடிந்திருந்தது.

லெமேர் கால்வாயைக் கடக்கத் திட்டமிட்டிருந்தோம். அதன் வாயிலேயே பனிக்கட்டிகள் நெருக்கமாக அடைத்திருந்ததால் கப்பல் தலைவர் திரும்பிவிட்டார். அச்சிட்ட நிகழ்ச்சிநிரலைக் காட்டி ஒருவர் வாதிட்டார். காற்றும் பனியும் சேர்ந்து தினமும் காலையில் எழுதுவதே இங்கு நிகழ்ச்சிநிரல். அச்சில் இருப்பது விருப்பப் பட்டியல் மட்டுமே. திரும்பிய வழியில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கிரில் இறால்களை மேய்ந்துகொண்டிருக்க, கப்பல் எஞ்சினை அடக்கி ஒரு மணி நேரம் போல் நின்றது.

2023-24 பருவத்தில் 1,20,000-க்கும் மேற்பட்ட பயணிகள் அண்டார்க்டிகாவுக்கு வந்திருக்கிறார்கள், நானும் அவர்களைப் போன்ற ஒருவன் என்பதால் அந்தக் கூட்டத்தைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒரே இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கப்பல் என்ற ஏற்பாடு இல்லையென்றால் அந்தக் கரைகள் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

போக விரும்புபவர்களுக்கு மாதத்தைப் பற்றி ஒரு சொல். நவம்பரில் பனி கறைபடாமல் இருக்கும், பெங்குயின்கள் இணைதேடும். டிசம்பர் இறுதியிலிருந்து குஞ்சுகளைப் பார்க்கலாம். திமிங்கிலங்களுக்கு ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச். அந்தக் கடைசி மாதங்களில் பனி உருகி, பெங்குயின் குடியிருப்புகள் முழுவதும் எச்சமும் சேறுமாகிவிடும் என்பதையும், அந்த வாடை உடையில் ஏறினால் ஒரு சலவையில் போகாது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.