பூட்லோடரை மீண்டும் பூட்டுவது பற்றி

மாற்று இயங்குதளம் நிறுவிய கைபேசியொன்றை நான்கு ஆண்டுகள் பூட்லோடர் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) திறந்த நிலையிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சில நொடிகள் தோன்றும் எச்சரிக்கையை, தயாரிப்பாளர் தமது மென்பொருளைவிட்டு நாம் விலகாதிருக்கச் செய்யும் மிரட்டல் என்றே எண்ணிக் கடந்துவந்தேன். அந்த எண்ணம் பாதிதான் சரி.

கைபேசி இயங்கத் தொடங்கியதும், சிப்பிலேயே மாற்ற முடியாதபடி பதிக்கப்பட்ட சிறு நிரல் பூட்லோடரைச் சரிபார்க்கிறது. பூட்லோடர் தன் பங்குக்கு ஆண்ட்ராய்டின் மையக்கருவான கெர்னலையும், இயங்குதளக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம் பகிர்வுகளையும் டிஜிட்டல் கையொப்பத்தைக் கொண்டு சரிபார்க்கிறது. பூட்லோடரைத் திறந்துவிட்டால், கையொப்பம் பொருந்தாவிட்டாலும் கைபேசி இயங்கும். (பூட்லோடர் என்னும் சொல்லில் தமிழ்க் காதுக்குப் பூட்டு ஒலிப்பது தற்செயல்தான்.)

திறக்கும்போது தரவு முழுவதும் அழிந்துவிடுவதால் திருடனுக்கு எதுவும் கிடைக்காது என்று பலரும் ஆறுதல் கொள்கிறார்கள். அது பூட்டியிருக்கும் கைபேசிக்குப் பொருந்தும். ஏற்கெனவே திறந்து கிடக்கும் கைபேசி சில நிமிடங்கள் பிறர் கையில் சிக்கினால், அவர் தரவைத் தொடாமலேயே திருத்திய பூட் இமேஜை (கெர்னல் அடங்கிய தொடக்கக் கோப்பை) எழுதிவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம். தரவின் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) அப்படியே இருக்கும். ஆனால் அதைத் திறக்கும் பின் எண்ணை உரிமையாளரே அந்தத் திருத்திய அமைப்பிடம் தட்டிக் கொடுத்துவிடுவார். இணையவழி ஊடுருவிய தீநிரலும் சிஸ்டம் பகிர்வில் ஒட்டிக்கொண்டு, மறுதொடக்கத்திற்குப் பிறகும் உயிரோடிருக்க இதே நிலை வழிவிடுகிறது.

ஆகவே இப்போது கைபேசி வாங்கும்முன் நான் கேட்பது, அதைத் திறக்க முடியுமா என்பதை அல்ல, வேறொருவர் கையொப்பமிட்ட இயங்குதளத்தோடு திரும்பப் பூட்ட முடியுமா என்பதையே. கூகுளின் பிக்சல் கைபேசிகளில் இயங்குதள உருவாக்குநரின் பொதுச்சாவியை (அவர் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது), கணினியிலிருந்து பூட்லோடருக்குக் கட்டளையிடும் ஃபாஸ்ட்பூட் வழியாகப் பதித்துவிட்டுப் பூட்டலாம். கிராஃபீன்ஓஎஸ் என்னும் மாற்று இயங்குதளம் அவ்வாறே நிறுவப்படுகிறது. அப்போது மஞ்சள் நிற அறிவிப்பு தோன்றும்; அதில் காட்டப்படும் சாவியின் அடையாளத்தை உருவாக்குநர் வெளியிட்டிருப்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இன்னொரு மாற்று இயங்குதளமான லினேஜ்ஓஎஸ் பெரும்பாலும் திறந்த நிலையிலேயே பயன்படுத்தப்படுகிறது.

தம் சாவியைத் தவிர வேறெதையும் ஏற்காத தயாரிப்பாளர்களின் கைபேசியை மாற்று இயங்குதளத்தோடு பூட்டினால் அது இயங்கவே மறுக்கும். நான் ஒருமுறை அப்படிப் பூட்டிவிட்டு, அமைப்புகளில், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓஇஎம் அன்லாக்கிங்கை அணைக்காமல் விட்டிருந்ததால் மட்டுமே மீண்டேன். பூட்டும்போதும் தரவு அழியும் என்பதையும் அன்றுதான் நேரில் கண்டேன்.

எனக்கு மிஞ்சியிருக்கும் மனக்குறை வேறு. சாவியைச் சரிபார்த்துப் பூட்டிய கைபேசி எது, திறந்து கிடப்பது எது என்பதை வன்பொருள்வழிச் சான்றளிப்பின் (கைபேசியின் சிப்பே கையொப்பமிட்டுத் தரும் சான்றின்) மூலம் ஒரு செயலி துல்லியமாக அறிய முடியும். இருந்தும் பல செயலிகள் கைபேசி நம்பத்தக்கதா என்று சொல்லும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவை தரும் தீர்ப்பையே நம்புகின்றன. அதன் சாதனச் சோதனையில் மஞ்சள் அறிவிப்போடு பூட்டிய கைபேசியும், ஆரஞ்சு எச்சரிக்கையோடு திறந்து கிடக்கும் கைபேசியும் ஒன்றாகவே தோற்கின்றன.