நேப்பியரா, வேலிமசாலா: முயல்குட்டி எடைக் கணக்கு, இரண்டாம் சுற்று

இந்தத் தடவை கணக்கு ஒத்து வந்துவிட்டது. ஒரே நாளில் ஈன்ற இரண்டு நியூசிலாந்து வெள்ளை இனத் தாய் முயல்களின் எட்டுக் குட்டிகளை 35ஆம் நாள் தாயிடமிருந்து பிரித்து, ஒவ்வொரு ஈற்றிலும் பாதிப் பாதியாக இரண்டு அணியாக்கினேன். அடர்தீவனம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. பசுந்தீவனம் மட்டும் ஓர் அணிக்கு நேப்பியர் புல், மற்றதற்கு வேலிமசால் என்ற பயறுவகைச் செடி. தொடக்கத்தில் இரண்டுக்கும் சராசரி 780 கிராம். 84ஆம் நாள் நேப்பியர் அணி 1,650, வேலிமசால் அணி 1,940. நாளுக்கு 18 கிராமுக்கும் 24 கிராமுக்கும் உள்ள வித்தியாசம். பயறுவகைத் தீவனத்தில் புரதம் கூடுதல் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் நம் தராசிலேயே அதைப் பார்ப்பது தனி சந்தோஷம்.

முதல் சுற்றைக் கெடுத்தது மிச்சத்தை எடை போட்ட விதம். மாலையில் 300 கிராம் கட்டிவிட்டு, காலையில் மிச்சம் 90 கிராம் என்றால் 210 தின்றது என்று எழுதிக்கொண்டே போனேன். இரவெல்லாம் வாடி நீர் வற்றியதை யோசிக்கவே இல்லை. இப்போது முயலுக்கு எட்டாத உயரத்தில், அதே கொட்டகையில், 200 கிராம் கட்டு ஒன்றைத் தனியாகத் தொங்கவிடுகிறேன். அது காலையில் 150க்கு இறங்கியிருந்தால், அந்த 90 கிராம் உண்மையில் 120. தின்றது 180தான். அப்புறம் இன்னொரு சிக்கல்: முயல் இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டை விட்டுவிடும், தண்டு இலையளவு வாடாது. அதனால் இலை உருவிய தண்டுக்கட்டு ஒன்றும் பக்கத்தில் தொங்குகிறது. இதற்கே பத்து நாள் போனது, ஆனால் இது இல்லாமல் மற்ற எண்களுக்கு அர்த்தமில்லை.

வேலிமசால் விதை வாங்குபவர்கள் வெந்நீர் நேர்த்தியை விட்டுவிடாதீர்கள். தோல் கெட்டி; சில நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்து இரவு முழுக்க ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கிறது. அடுத்து மல்பெரி இலை, குச்சிகள் நட்டாயிற்று. சூபாபுல் மரத்தழையை நான் தொடப்போவதில்லை, அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு முயலின் முடியை உதிர்த்துவிடும்.

நேப்பியர் அணியையும் மெதுவாக மாற்றுகிறேன். இன்று கால் பங்கு வேலிமசால் கலந்து வைத்தேன். நான்கும் மூக்கால் புல்லை விலக்கி, அதைத்தான் முதலில் தேடி எடுத்தன.