சேமி பட்டனை எங்கே வைப்பது?

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பால் கொள்முதல் நிலையத்துக்கு, ஆப் கட்டும் கூகுளின் கருவியான ஃபிளட்டரில், சின்ன ஆப் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். உறுப்பினர் எண், லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கிய திடப்பொருள்), சேமி, அடுத்த ஆள். அவ்வளவுதான் வேலை. பதிபவரின் ஒரு கை கேனில் இருக்கும். போனுக்கு மிச்சம் ஒரு கட்டைவிரல், அதுவும் ஈரமாக. திரையைப் பிரிக்கும்போது நான் பார்த்தது அந்தக் கட்டைவிரலைத்தான்.

ஃபிளட்டரில் ஸ்கேஃபோல்ட் என்பது ஒரு திரையின் கூடு. மேலே தலைப்புப் பட்டையான ஆப்பார், நடுவில் உள்ளடக்கத்துக்கான பாடி, அடியில் பாட்டம் நேவிகேஷன் பார். பட்டன் எப்போதும் அடியில் நிற்கட்டும் என்று பலர் அதைக் கடைசி இடத்தில் வைத்துவிடுகிறார்கள். கீபோர்டு திறந்தால் அது கீபோர்டுக்குப் பின்னால் போய்விடும். எண்ணாக அடித்துக்கொண்டே இருக்கும் இந்தத் திரையில் கீபோர்டு மூடுவதே அபூர்வம். அதனால் பாடிக்குள்ளேயே ஒரு காலம் (Column), அதாவது மேலிருந்து கீழாக அடுக்கும் ஒரு வரிசை. அதில் மேலே, மிச்ச இடத்தை நிரப்பும் எக்ஸ்பாண்டடுக்குள் ஸ்க்ரோல் ஆகும் கட்டங்கள், அதற்குக் கீழே பட்டன். கீபோர்டு எழுந்தால் ஸ்கேஃபோல்ட் பாடியைச் சுருக்கும், பட்டன் கீபோர்டின் தலையில் வந்து உட்காரும். ஸ்க்ரோல் வைக்காமல் விட்டால் இடம் போதவில்லை என்று எச்சரிக்கும் அந்த மஞ்சள் கறுப்புப் பட்டை வரும், ஃபிளட்டர் தொட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பட்டைதான்.

தொடும் பரப்பு குறைந்தது 48 டிபி (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும் அலகு) இருக்கட்டும் என்கிறது கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டி. ஆப்பிள் அதுபோன்ற தன் அலகில் 44 பாயின்ட் என்கிறது. ஈரக் கைக்கு இரண்டும் பத்தாது. திரை அகலம் முழுக்க, 64 உயரத்தில் வைத்திருக்கிறேன். பார்க்க அழகில்லை, சரி, இருக்கட்டும்.

அப்புறம் அழுத்தல். அழுத்தினால் என்ன ஓட வேண்டும் என்று சொல்லும் ஆன்பிரஸ்டு என்ற இடத்தில் நல் (null, 'எதுவும் இல்லை') கொடுத்தால் பட்டன் தானாகவே மங்கி, அழுத்த முடியாததாகிவிடும். ஃபிளட்டரில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது. பட்டனை முடக்கு, திற என்று தனித்தனியாக ஆணை போட வேண்டியதில்லை. 'சேமிக்கிறது' என்று ஒரு பூலியன், அதாவது உண்மை, பொய் என்ற இரண்டில் ஒன்றை வைத்திருக்கும் மாறி. அது உண்மையென்றால் நல், இல்லையென்றால் சேமிக்கும் ஃபங்ஷன். மாற்றத்தைத் திரைக்குச் சொல்லும் செட்ஸ்டேட்டைக் கூப்பிட்டதும் திரை புதிதாக வரையப்படும், பட்டனும் அதற்கேற்ப மாறும். அந்த ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். பின்னால் அடைப்புக்குறி போட்டால் அது ஃபங்ஷனைக் கொடுப்பதாகாது, அங்கேயே கூப்பிடுவதாகிவிடும்; பெரும்பாலும் பிழைதான் வரும்.

ஆனால் பட்டனை மங்க வைப்பது மட்டும் போதாது. கடைசிக் கட்டத்தில் கீபோர்டின் 'முடிந்தது' விசையும் அதே சேமிப்பைத்தான் கூப்பிடுகிறது. பட்டன் மங்கியிருப்பது அந்த விசைக்கு எப்படித் தெரியும்? நெட்வொர்க் இழுக்கும் நேரத்தில் 'போச்சா இல்லையா' என்று இரண்டாம் தடவை அழுத்தினால் ஒரே ஆளுக்கு இரண்டு வேளைப் பால் கணக்கேறிவிடும். ஆகவே ஃபங்ஷனின் முதல் வரியே ஒரு காவல்: ஏற்கெனவே சேமித்துக்கொண்டிருந்தால் திரும்பிப் போ. அதற்கும் மேல், ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி அடையாளம் உருவாக்கி அனுப்புகிறேன். அதே அடையாளம் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எழுதாது.

சேமித்து முடிந்ததும் பூலியனைத் திருப்பி வைக்கும் முன், திரை இன்னும் இருக்கிறதா என்று சொல்லும் மவுன்டட்டைச் சரிபார்க்க வேண்டும். அதற்குள் அவர் திரையை விட்டுப் போயிருந்தால் செட்ஸ்டேட் பிழை எறியும்.

பின்செல்லும் பட்டனும் ஒரு பட்டன்தானே. லிட்டர் போட்டு ஃபேட் போடாமல் பின்னால் தட்டினால், திரையை விட்டு வெளியேறுவதைத் தடுக்கும் ஃபிளட்டரின் பாப்ஸ்கோப் பிடித்து நிறுத்துகிறது. பழைய வில்பாப்ஸ்கோப் இப்போது கைவிடப்பட்ட பட்டியலில் இருப்பதால் புதிதாக எழுதுபவர்கள் அதைத் தொட வேண்டாம். நிறுத்தியபின் வரும் கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்று நான் வைக்கவில்லை. 'பதிவை விட்டுவிடு', 'தொடர்ந்து பதி' என்று வைத்தேன். வரிசையில் ஆள் நிற்கும்போது யாரும் கேள்வியைப் படிப்பதில்லை, பட்டனைத்தான் படிக்கிறார்கள்.