பூனைக்கு எடுத்த ரத்தம், மனுஷக் கணக்கில் வந்த ரிப்போர்ட்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'இயல்பு அளவு' என்று ஒரு பத்தி இருக்குமே, அது யாருடைய இயல்பு என்று கேட்காமல் பூனை வளர்க்கும் யாரும் ரிப்போர்ட்டை வாங்கி வந்துவிடாதீர்கள். எங்கள் பொம்மிக்கு வந்த ரிப்போர்ட்டில் அது மனிதர்களுடையதாக இருந்தது. அந்த ஒரு பத்தியால் கோடைக்காலம் முழுக்க அவளுக்கு வேறொரு வியாதிக்கு வைத்தியம் நடந்தது. இப்போது தேறிவிட்டாள். ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

பொம்மிக்கு 13 வயது. மூன்று நிறம் கலந்த பூனை, நன்றாக இருந்த காலத்தில் 4.2 கிலோ. மாதத்துக்கு ஒரு தடவை முடி உருண்டையைக் கக்குவது அவளுக்கு எப்போதும் உள்ளதுதான். போன மாசியிலிருந்து அது மாறியது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மீனும் சோறும் செரிக்காமல் அப்படியே வரும். சில நாள் விடியற்காலையில் வெறும் மஞ்சள் நுரை. முடி ஒன்றுகூட இருக்காது. சொன்னவர்களெல்லாம் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "பூனைன்னா வாந்தி எடுக்கத்தான் செய்யும், எந்நேரமும் உடம்பை நக்கிட்டு இருக்குல்ல!" மாமியார் மாடியில் அருகம்புல் வளர்த்துப் போட்டார். அதையும் தின்று அதையும் கக்கினாள்.

என்னை உறுத்தியது வாந்தியைவிட அவளுடைய பசி. தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி வந்து நிற்பாள். அவ்வளவு தின்றும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. குளியலறை வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்தாள். நடுராத்திரி கூடத்தில் நின்றுகொண்டு, அதுவரை நாங்கள் கேட்டிராத கட்டைக் குரலில் கத்தினாள். வயதான பூனை நிறையத் தின்றும் இளைக்கிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். அதற்கு 'வயசாயிடுச்சு' என்பது பதிலே இல்லை.

முதலில் போன கிளினிக்கில் அந்தப் பதிலைத்தான் சொன்னார்கள். கூடையிலிருந்து அவளை வெளியே எடுக்கவே இல்லை. "வயசாயிடுச்சு மேடம், முடிதான். இந்த பேஸ்டைக் கொடுங்க. ரெண்டு நாள் சாப்பாடு எதுவும் வேண்டாம், வயிறு கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்." பேஸ்டை வாங்கிக்கொண்டேன், பட்டினி போடவில்லை. என் தங்கை வீட்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து, கல்லீரலில் கொழுப்பு ஏறி, காதின் உள்பக்கமெல்லாம் மஞ்சளாகிப் பிழைப்பதே பெரும்பாடாகிவிட்டது. நாய்க்குச் சொல்வதைப் பூனைக்குச் சொல்லக் கூடாது. பூனை நாள் கணக்கில் வெறும் வயிற்றோடு இருப்பது ஆபத்து.

வாந்தி நிற்காததால் மறுபடி போய், ரத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றேன். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு குழாய்களை என் கையில் கொடுத்து, தெருக்கோடியில் இருக்கும் லேபில் கொடுக்கச் சொன்னார்கள். மனிதர்களுக்கான லேப்தான். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்: "பேஷன்ட் பேரு?"

"பொம்மி. பூனைம்மா அது."

"பூனைன்னு போட இதுல வழி இல்லக்கா. வயசு?"

"பதிமூணு."

"ஆணா, பொண்ணா?"

'பேபி பொம்மி, 13 வயது, பெண்' என்று ரசீது வந்தது. சாயங்காலம் போன் வந்தது. ஊதா மூடிக் குழாயில் இருந்த ரத்தம் உறைந்துவிட்டதாம், திரும்ப எடுத்து வர வேண்டுமாம். சித்திரை வெயிலில் மறுபடி கூடை, மறுபடி ஆட்டோ, மறுபடி ஊசி. பூனை திமிறத் திமிறக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடும், எடுத்த கையோடு குழாயை மெதுவாகத் தலைகீழாகப் பல தடவை சாய்த்துக் கலக்க வேண்டும் என்று பிறகுதான் இன்னொரு டாக்டர் சொன்னார். இரண்டாம் தடவையும் அந்தக் கிளினிக்கில் யாரும் அதைச் செய்யவில்லை. எப்படியோ தப்பித்தது.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். கிட்னிக்கான கிரியேட்டினின் 1.5. பக்கத்தில் இயல்பு அளவு 0.6 முதல் 1.1 வரை என்று இருந்ததால் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். கல்லீரலுக்கான ஏஎல்டியும் தடித்த எழுத்தில். தைராய்டுக்கான டி4 அளவு 8.1. அதற்கான இயல்பு 5 முதல் 12 என்று போட்டு, எந்தக் குறியும் இல்லாமல் சாதாரண எழுத்தில் விட்டிருந்தார்கள். கிளினிக்கில் தடித்த எழுத்தை மட்டும் பார்த்தார்கள். "கிட்னி போயிட்டிருக்கு, லிவரும் சரியில்ல. தைராய்டு நார்மல்." கிட்னி பூனைகளுக்கான உணவு ஒரு மூட்டையும் லிவர் டானிக்கும் எழுதிக் கொடுத்தார்கள். அந்த உணவு விலையும் அதிகம், பொம்மிக்குப் பிடிக்கவும் இல்லை. வாந்தி நிற்கவில்லை. எடை 3.1 கிலோவுக்கு வந்துவிட்டது.

வேறு பேட்டையில் சாயங்காலம் மட்டும் பார்க்கும் ஓர் இளம் பெண் டாக்டரைப் பற்றி மாடி வீட்டு அக்கா சொன்னார். இந்த முறை நான் தயாராகப் போனேன். வாந்தி எடுப்பதைப் போனில் வீடியோ எடுத்திருந்தேன். எப்போது, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, என்ன வந்தது என்று காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்தேன். இந்த இரண்டும் பெரிய உதவி. வீடியோவைப் பார்த்ததும் டாக்டர், "வயிறு எக்கி எக்கி வருது பாருங்க, இது உண்மையான வாந்திதான். எக்காம அப்படியே வழிஞ்சா உணவுக்குழாய்ப் பிரச்சனையா இருக்கும், அதுக்குத் தேடுற வழியே வேற" என்றார். சில பூனைகள் கழுத்தை நீட்டி இருமுவதையும் வாந்தி என்று நினைத்துவிடுவோமாம்.

அடுத்துக் கேட்டார்: "வீட்ல பூ கட்டுவீங்களா? நூல் ஏதாவது முழுங்கியிருக்குமா?" இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. மல்லிகை கட்டும் நூல், தையல் நூல், பட்டம் விடும் நூல் எல்லாமே பூனைக்கு எமன். ஒரு முனை நாக்கின் அடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை போகப் போகக் குடல் சுருங்கி அறுபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பொம்மியின் நாக்கைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

பிறகு அவள் மோவாயை உயர்த்தி, தொண்டையின் இரு பக்கமும் விரலால் மெதுவாக நீவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. "இங்க ஒரு சின்னக் கட்டி இருக்கு, தொட்டுப் பாருங்க." பயறு அளவுக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. ஸ்டெதஸ்கோப்பை வைத்து எண்ணினார். இதயம் நிமிடத்துக்கு 240. அப்புறம்தான் ரிப்போர்ட்டைக் கேட்டார். பார்த்த அடுத்த நிமிடமே பேனாவை எடுத்து 8.1ஐச் சுற்றி வட்டம் போட்டார். "இந்த 5, 12 எல்லாம் மனுஷங்களுக்கு. பூனைக்கு மேல்வரம்பே 4, நாலே முக்கால் கிட்டத்தான். உங்க பூனைக்கு அதைப்போல ரெண்டு மடங்கு இருக்கு."

அந்தத் தாள் அத்தனை வாரமாக என் அலமாரியில் இருந்தது. பதில் அதிலேயே எழுதியிருந்தது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். கோபமா நிம்மதியா, தெரியவில்லை.

கிரியேட்டினின் பற்றியும் விளக்கினார். பூனைக்கு 1.6க்குக் கீழே இருந்தால் அதை மட்டும் வைத்துக் கிட்னி கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் ஏஎல்டி ஏறுவதும் சகஜம். ஆக, தடித்த எழுத்தில் இருந்தவை பூனைக் கணக்கில் அவ்வளவு அவசரமில்லாதவை. சாதாரண எழுத்தில் இருந்ததுதான் வியாதி. வயதான பூனைகளுக்கு மிக அதிகமாக வரும் சுரப்பிக் கோளாறு இது, பெரும்பாலும் புற்றில்லாத சாதாரணக் கட்டிதான் காரணமாம். நிறையப் பசி, இளைப்பு, வாந்தி, தாகம், ராத்திரிக் கத்தல், எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

குடலில் வேறு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுத்தோம், ஒரே காலையில் முடிந்தது. இதே வயதில் குடல் அழற்சி, குடலில் மெதுவாக வளரும் லிம்போமா என்கிற புற்று, கணைய வீக்கம் எல்லாம் இதே மாதிரி வாந்தியைக் கொடுக்கும். ஒரு காரணம் கிடைத்ததும் மற்றதைத் தேடாமல் விடக்கூடாது என்று டாக்டர் கறாராக இருந்தார். ரத்த அழுத்தமும் பார்த்தார். அது ஏறினால் பூனைக்குத் திடீரென்று கண் பார்வை போய்விடுமாம்.

தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் அடுத்த ஆபத்து காத்திருந்தது. "பூனைக்குத் தைராய்டா?" என்று வியந்த பையன், சீட்டைச் சரியாகப் படிக்காமல் எடுத்து நீட்டியது தைராக்ஸின் டப்பா. நம் ஊரில் 'தைராய்டு மாத்திரை' என்றால் கை தானாக அதற்குத்தான் போகிறது, ஏனென்றால் தைராய்டு கோளாறு உள்ள மனிதர்களில் பெரும்பாலோருக்குச் சுரப்பு குறைவு. பொம்மிக்கோ அதிகம். குறைவுக்குக் கொடுக்கும் மாத்திரையை அவளுக்குக் கொடுத்திருந்தால், ஏற்கெனவே தறிகெட்டு ஓடும் இதயம் என்ன ஆகியிருக்கும்! நல்லவேளை, டாக்டர் மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி இரண்டு தடவை படித்துக் காட்டியிருந்தார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துச் சரியானதை வாங்கினேன். மாடி வீட்டு அக்காவும் பாசத்தில், "என் மாத்திரையிலேயே பாதி கொடுத்துப் பாரேன்" என்றார். அன்பாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அதே போல எந்த வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரே மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும்.

மாத்திரை கொடுப்பது எங்களுக்குச் சுலபமாக அமைந்தது, மத்தி மீன் துண்டுக்குள் வைத்தால் விழுங்கிவிடுவாள். ஆனால் இந்த மருந்தே முதல் சில வாரம் வாந்தியைத் தரலாம், பசியைக் கெடுக்கலாம். அதனால் குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றினார். முகத்தை ரத்தம் வர சொறிந்தாலோ சோர்ந்து படுத்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடச் சொன்னார். எந்தப் பூனைக்கு எவ்வளவு என்பது ரத்தத்தைப் பார்த்துத்தான் முடிவாகும், அதனால் பொம்மியின் அளவை இங்கே எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து எடுத்த ரத்தம் விலங்குகளுக்கான லேபுக்குப் போனது. டி4 2.6. அன்று சாயங்காலம் வீட்டில் பாயசம். ராத்திரிக் கத்தல் நின்றது, எடை 3.6க்கு ஏறியது, வாந்தி மறுபடி எப்போதாவது ஒரு முடி உருண்டை என்ற பழைய நிலைக்கு வந்தது. கிரியேட்டினின் மட்டும் 1.9 ஆகியிருந்தது. இதை டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் பதறவில்லை. தைராய்டு அதிகமாக இருக்கும்போது கிட்னிக்கு ரத்தம் வேகமாகப் பாயும், உடம்புத் தசையும் கரைந்திருக்கும், அதனால் கிட்னியின் உண்மை நிலை மறைந்திருக்கும். தைராய்டு அடங்கியதும் அது வெளியே தெரியும். அந்தக் கிட்னி உணவு இப்போதுதான் அவளுக்குத் தேவைப்படுகிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் டாக்டர் மறக்காமல் கேட்டார், வீட்டில் கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா என்று. கார்பிமசோல் வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. கர்ப்பிணிகள் அதை வெறும் கையால் தொடவோ, உடைக்கவோ கூடாது. மருந்து சாப்பிடும் பூனையின் மண் தொட்டியையும் அவர்கள் அள்ளக் கூடாது. என் நாத்தனார் வளைகாப்புக்கு வந்து இங்கேதான் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்து ஊருக்குக் கிளம்பும் வரை மாத்திரையும் மண் தொட்டியும் என் கணவர் பொறுப்பு. கையுறைப் பெட்டி ஒன்றை வாங்கிக் குளியலறை அலமாரியில் வைத்திருக்கிறேன்.