மாரிக்கு முன் காரின் அடிவயிறு

அக்குவா, விட்ஸ், வேகன் ஆர், எதுவாக இருந்தாலும் கடலோரக் கல்லடியிலோ கல்முனையிலோ ஓடும் காரைக் கறள் பிடிப்பது கீழிருந்துதான். மேலே செரமிக் கோட்டிங்குக்குக் கொட்டும் காசில் பாதியைக் கீழே போட்டாலே பெரிய காரியம்.

ஜப்பானிலிருந்து சில கார்கள் கறளோடேயே வந்து இறங்குகின்றன. அங்கே ஹொக்கைடோ, நீகாட்டா போன்ற பனிப் பிரதேசங்களில் பனி உருக வீதிக்கு உப்புத் தூவுவார்கள். ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையைக் குறிக்கும் தாளில் எஸ் என்றிருந்தால் கறள், சி என்றிருந்தால் அரிப்பு. பழைய காரின் அடிப்பக்கம் புதுக் கறுப்புப் பூச்சில் மின்னினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். டோர்ச் அடித்து சப்ஃபிரேம் (எஞ்சினைத் தாங்கும் அடிச்சட்டம்) மூலைகள், ஜாக் வைக்கும் விளிம்பு, பிரேக் குழாய்கள் மூன்றையும் பாருங்கள். ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டும்போது பொருக்கு உதிர்ந்தால் மேற்பூச்சு அதைக் காப்பாற்றாது. வெட்டி ஒட்ட வேண்டியதுதான்.

காலையில் கழுவி மாலையில் அண்டர்சீல் என்ற தார்ப்பூச்சை அடித்துக் கொடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஈரமும் உப்பும் தாருக்கு உள்ளே அடைபட்டு, வெளியே தெரியாமலே தகட்டைத் தின்னும். அதைவிட அடிக்காமல் விடுவது மேல். ஆவணி, புரட்டாதி வெயிலில் செய்யுங்கள். சில்லு வளைவின் பிளாஸ்டிக்கைக் கழற்றி, அழுத்த நீரால் கழுவி, ஒரு முழு நாள் காயவிட்டு, கம்பித் தூரிகையால் சுரண்டுங்கள். பிறகு கறளைக் கெட்டிப் படலமாக மாற்றும் திரவம், அது காய்ந்தபின் எபொக்சி பிரைமர், கடைசியாக அண்டர்சீல். சைலன்சர், பிரேக் டிஸ்க், ஒட்சிசன் சென்சர், ஹைப்ரிட்டின் செம்மஞ்சள் வயர்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே மூடிவிடுங்கள்.

கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதிக்குத் தார் வேண்டாம். நீண்ட குழாயால் உள்ளே மெழுகு பீச்சவேண்டும். அங்கிருக்கும் நீர் வடியும் துளைகளை அடைத்தால் அவ்வளவுதான்.

கழுவும் தண்ணீரையும் கவனியுங்கள். கரையோரக் கிணறுகள் சிலவற்றில் உவர்ப்பு இருக்கிறது, வாயில் வைத்தாலே தெரியும். அந்தத் தண்ணீரில் வாராவாரம் கழுவினால் உப்பை நாமே பூசுகிறோம். குழாய்நீரால் ஒருமுறை அலசிவிடுங்கள்.

வெள்ளத்தில் கார் நின்றிருந்தால் கார்ப்பெட்டைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சைக் காயவையுங்கள். தகடு உள்ளிருந்தும் கறள் பிடிக்கும். முதல் தலைமுறை அக்குவாவின் 144 வோல்ட் பற்றரி பின்சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. தண்ணீர் அதுவரை ஏறியிருந்தால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாமல், ஹைப்ரிட் தெரிந்த மெக்கானிக்கை அழையுங்கள்.