கட்சிச் சால்வையும் சபாநாயகர் கதிரையும்

எங்கள் கல்லூரியில் குடியியல் படிப்பித்த மாஸ்ரருக்குச் சபாநாயகர் என்றால் தனி மரியாதை. பிரதமரை ஒரு பாடவேளையில் முடித்துவிடுவார். சபாநாயகருக்கு ஒரு கிழமை வேண்டும். “கட்சிச் சால்வையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்தக் கதிரையில் ஏற வேணும்” என்பார். இரண்டு பக்கமும் வாக்குச் சரிசமமாக விழுந்தால் மட்டுமே சபாநாயகர் வாக்களிப்பார் என்று கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போடுவார். உயர்தர வகுப்பு மன்றக் கூட்டம் நடந்தால் கடைசி வாங்கில் வந்து உட்காருவார். தலைமை தாங்கும் பெடியன் ஒரு பக்கம் சாய்ந்தால், கூட்டம் முடிந்தபிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்வாரே தவிர, எல்லார் முன்னாலும் சொல்லமாட்டார்.

அந்தப் பாடத்தோடு ஜேர்மனிக்கு வந்தவன் நான். இங்கே சபாநாயகருக்குச் சமமான பாராளுமன்றத் தலைவராக இருந்த ரீட்டா சூஸ்முத் அம்மையாரைப் புரிந்துகொள்ள எனக்குக் கனகாலம் பிடித்தது. இந்த நாட்டில் அந்தப் பதவி வேறு மாதிரி. மரியாதை வரிசையில் கூட்டாட்சித் தலைவருக்கு, அதாவது ஜனாதிபதிக்கு, அடுத்த இடம் அதற்குத்தான். ஆனால் அதில் இருப்பவர் தன் கட்சியை விட்டு விலகுவதில்லை. மற்ற உறுப்பினர்களைப் போலவே வாக்களிப்பார். வேண்டுமானால் கதிரையைத் துணைத்தலைவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் பேசவும் செய்வார். மாஸ்ரர் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார்.

அம்மையார் 1937இல் வூப்பர்டாலில் பிறந்தவர். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் குடியேறிய டோர்ட்முண்டில் கல்வியியல் பேராசிரியராக இருந்தார். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியில் சேர்ந்ததே 1981இல்தான். நான்கு வருடத்தில், 1985இல், அரசுத் தலைவராக (சான்சலராக) இருந்த ஹெல்முட் கோல் அவரை இளைஞர், குடும்பம், சுகாதாரத்துக்கான அமைச்சராக்கினார். அடுத்த வருடம் பெண்கள் விவகாரமும் அந்த அமைச்சோடு சேர்ந்தது. ஜேர்மன் கூட்டாட்சி அரசில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் அமைச்சர் அவர்.

அது எய்ட்ஸ் பயம் தலைவிரித்து ஆடிய காலம். பவேரியா மாநிலத்தில் பீட்டர் கௌவைலர் என்ற அரசியல்வாதி கட்டாயப் பரிசோதனை வேண்டும் என்று நின்றார். 1987இல் அந்த மாநிலம் கொண்டுவந்த நடவடிக்கைகளின்படி, ஐரோப்பிய சமூகத்துக்கு வெளியே இருந்து வந்து வதிவிட அனுமதி கேட்பவர்களையும் சோதிக்கலாம். அதாவது எங்களைப் போன்றவர்களை. சூஸ்முத் அம்மையார் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நோயோடுதான் சண்டை, நோயாளியோடு அல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. ஆட்களைத் துரத்தினால் அவர்கள் ஒளிந்துகொள்வார்கள், சரியான தகவலும் ஆலோசனையும் கொடுத்தால் தாங்களாகவே வருவார்கள் என்று வாதாடி, நாடு முழுக்க விழிப்புணர்வுப் பிரசாரத்தைத் தொடக்கிவைத்தார். எதிர்த்தவர்களில் பலர் அவருடைய அணிக்காரர்கள்தான்.

1988 நவம்பரில், யூதர்கள் மீது நாஜிகள் நடத்திய வெறியாட்டத்தின் 50ஆம் ஆண்டு நினைவில் ஆற்றிய உரையால் பெரும் சர்ச்சையில் மாட்டிக்கொண்டு, பாராளுமன்றத் தலைவர் பிலிப் யெனிங்கர் மறுநாளே பதவி விலகினார். அந்த இடத்துக்கு அம்மையார் வந்தார். அதற்கு முன் அதில் இருந்த பெண் அன்னமாரி ரெங்கர் ஒருவர்தான். அம்மையார் கிட்டத்தட்ட பத்து வருடம், 1998 வரை இருந்தார்.

நான் அவரை முதலில் பார்த்தது அகதி முகாமில் இருந்த பழைய தொலைக்காட்சியில். 1991 ஜூன் 20. பாராளுமன்றம் பொன் (Bonn) நகரத்திலேயே இருப்பதா, பெர்லினுக்குப் போவதா என்று விவாதம். கூடியதோ பொன்னில் ஒரு பழைய நீர்ப்பம்பி நிலையத்தில். அவர்களுடைய மண்டபத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 100 பேருக்கு மேல் பேசினார்கள். எங்களுக்கு டொச், அதாவது ஜேர்மன் மொழி, பிடிபடாத காலம். யார் என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் நேரம் முடிந்ததும் இறங்கிப் போனதும், இரவு பத்து மணி நெருங்கும்போது அம்மையார் முடிவை வாசித்ததும் விளங்கின. பெர்லினுக்கு 338, பொன்னுக்கு 320. வெறும் 18 வாக்கில் ஒரு நாட்டின் அரசிருக்கை மாறியது. தோற்றவர்கள் கதிரையைத் தூக்கவில்லை. அறையில் இருந்த எல்லாரும் கொஞ்ச நேரம் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு டொச் வந்து, பத்திரிகை வாசிக்கத் தொடங்கியபோதுதான் மற்றவை தெரியவந்தன. 1992இல் கருக்கலைப்புச் சட்டத்தில் தன் கட்சிக்காரரில் பெரும்பாலானோர் எதிர்த்த பிரேரணைக்கு ஆதரவாக வாக்களித்தார். பெர்லினில் உள்ள பழைய பாராளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடத்தைத் துணியால் மூட கிறிஸ்டோ, ழான்-க்ளோட் என்ற கலைஞர் தம்பதியர் அனுமதி கேட்டு அலைந்தபோது, கோல் வேண்டாம் என்றார், இவர் வேண்டும் என்றார். 1994இல் அது 292க்கு 223 என்று நிறைவேறியது. எனக்குப் பெரிதாகப் படுவது 1997. அதுவரை ஜேர்மன் சட்டப்படி, கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்தினால் அது வன்புணர்வுக் குற்றத்துக்குள் வராது. கட்சி வேறுபாடு பாராமல் பெண் உறுப்பினர்கள் சேர்ந்து கொண்டுவந்த பிரேரணைக்கு 470 வாக்குகள் கிடைத்தன. அந்தச் சேர்க்கையில் அம்மையாரும் இருந்தார். சால்வையைக் கழற்றாமலே கட்சியைத் தாண்ட முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் அசூல் (அகதித் தஞ்சம்) கேட்டு வந்த வருடங்களில் மாவட்ட எல்லையைத் தாண்டவே அனுமதிக் கடிதம் வேண்டும். வழக்கு முடியும்வரை அரசாங்கச் செலவில் மொழி வகுப்பும் கிடையாது. ஜேர்மனி குடியேற்ற நாடு அல்ல என்பதே அப்போதைய அரசின் நிலைப்பாடு. நாங்கள் திரும்பிப் போய்விடுவோம் என்ற நினைப்பிலேயே எல்லாம் நடந்தன.

2000இல் ஆட்சி மாறியிருந்தது. சமூக ஜனநாயகக் கட்சியின் உள்துறை அமைச்சர் ஒட்டோ ஷிலி, குடியேற்றம் பற்றி ஆராய 21 பேர் கொண்ட ஆணைக்குழுவை அமைத்துத் தலைமைக்கு அம்மையாரை அழைத்தார். போகக்கூடாது என்று அவருடைய கட்சியில் கோபப்பட்டார்கள். போனார். தொழிற்சங்கம், முதலாளிமார் சங்கம், தேவாலயங்கள், நகரசபைகள் என்று எல்லாத் தரப்பையும் ஒரு மேசையில் இருத்தி, 2001 ஜூலையில் அறிக்கையைக் கொடுத்தார். ஜேர்மனி நடைமுறையில் குடியேற்ற நாடுதான் என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் பிள்ளைகள் அப்போது இங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். தெரிந்த விஷயம்தான், அதைச் சொல்ல அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வேண்டியிருந்தது.

அந்த வழியில் வந்த சட்டம் இழுபறிப்பட்டு, ஒருமுறை அரசியலமைப்பு நீதிமன்றத்திலும் விழுந்து, கடைசியில் 2005 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. மொழி வகுப்பு அப்போதுதான் உரிமையானது. கலியாணம் கட்டி வந்த என் மனைவியின் தங்கை அந்த 600 மணித்தியால வகுப்புக்குப் போனாள். புத்தகத்தில் ஒவ்வொரு டொச் சொல்லுக்குக் கீழேயும் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்திருந்தாள். ஆண்பால் சொல்லுக்கு நீலப் பென்சில், பெண்பாலுக்குச் சிவப்பு. அவள் படித்தது நகரத்தின் ஃபோல்க்ஸ்ஹோக்சூலேயில். வளர்ந்தவர்கள் மாலையில் போய்ப் படிக்கும் அந்தப் பள்ளிகளின் நாடளாவிய சங்கத்துக்கு 1988 முதல் 2015 வரை தலைவராக இருந்தவரும் சூஸ்முத் அம்மையார்தான். அமைச்சர் பதவியும் பாராளுமன்றத் தலைமையும் போனபிறகும் விடாமல் வைத்திருந்த பொறுப்பு அது.

எங்கள் சங்க நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோடை விடுமுறைச் சுற்றுலாவைப் பெர்லினுக்குப் போடுங்கள். தொகுதி உறுப்பினருக்கு முன்கூட்டியே எழுதினால் பாராளுமன்றத்தைப் பார்க்க ஒழுங்கு செய்து தருவார்கள். உயர்தர வகுப்பு வயதில் இருக்கும் எங்கள் பிள்ளைகளை முன்வரிசையில் இருத்துவோம்.